பட்டறை பதில்கள்: பன்னிரண்டு மீற்றர் கம்பிக்குள் ஒரு தேக்கரண்டி

சென்ற இதழில் வீட்டுக் கம்பி பற்றி எழுதும்போது, "சில கம்பிகளில் வனேடியம் என்ற உலோகத்தை ஒரு சிட்டிகை சேர்க்கிறார்கள், பலத்தில் பெரும் பங்கு அதனால் வருகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிண்ணியா, தம்பலகாமம், புல்மோட்டை என்று மாவட்டம் முழுவதிலும் இருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே நீர்ப்பம்பி, கேற் பிணைச்சல் எல்லாம் அடுத்த மாதம். இந்த முறை முழுவதும் உருக்குத்தான்.

கேள்வி: ஐயா, நாங்கள் மேல்மாடி கட்டுகிறோம். 16 மில்லிமீற்றர் கம்பியை வளைக்கக் கஷ்டமாக இருக்கிறதென்று மேசன் பாஸ் காஸ் கட்டரால் சிவக்கச் சூடாக்கி வளைத்தார். பிறகு தண்ணீரும் ஊற்றினார். பார்க்க வந்த பொறியியலாளர் அந்தக் கம்பிகளை எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டார். பாஸோ, முப்பது வருடமாக இப்படித்தான் செய்கிறேன் என்கிறார். யார் சொல்வது சரி? (ஓர் ஆசிரியை, கிண்ணியா)

பொறியியலாளர் சொன்னதுதான் சரி, தங்கச்சி. ஆனால் பாஸ் பொய் சொல்லவில்லை. அவர் தொழில் பழகிய காலத்துக் கம்பி வேறு, இன்று உங்கள் வாசலில் இறங்கியிருக்கும் கம்பி வேறு. கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அந்தக் காலத்து மொழுமொழு உருண்டைக் கம்பி சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 250 நியூட்டன் வரை தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் நீண்டுபோய்த் திரும்பி வராது. அதைச் சூடாக்கினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது, ஏனென்றால் கெடுவதற்கு அதில் விசேஷமாக ஒன்றும் இல்லை. இன்று எஸ்.எல்.எஸ். 375 என்ற இலங்கைத் தரத்தில் வரும் வரிக் கம்பி 500 நியூட்டன் தாங்க வேண்டும். இரட்டிப்பு. இந்த இரட்டிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், நெருப்பு என்ன செய்தது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உருளைகளுக்கு இடையில் கடைசியாக நசுங்கி வெளியே வரும் செந்தணல் கம்பியின்மேல் உடனே தண்ணீரைப் பீய்ச்சி, தோலை மட்டும் திடீரெனக் குளிரவைப்பது. தோல் கடினமாகிவிடும். உள்ளே இன்னும் சூடு இருக்கிறதல்லவா, அந்தச் சூடு வெளியே வந்து கடினமான தோலை வாட்டிப் பதப்படுத்தும். மற்றது, தண்ணீரை நம்பாமல், உருக்கும்போதே வனேடியம் அல்லது நயோபியம் என்ற இன்னோர் உலோகம் சிறிது சேர்த்து, காற்றில் ஆறும்போதே பலம் வரச் செய்வது. சில ஆலைகள் இரண்டையும் சேர்த்தே செய்கின்றன.

முதல் வகையைக் கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் கடிதம் கிடைத்த கிழமை, உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டில் மிஞ்சிக் கிடந்த 16 மில்லிமீற்றர் துண்டை, சூடேறாமல் தண்ணீர் விட்டு விட்டு வாளால் அரிந்தேன். முகத்தை அரத்தால் மட்டமாக்கி, எமரித் தாளில் 120, 240, 400, 600 என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம்போல ஆகிவிட்டது. நூற்றுக்கு இரண்டு பங்கு நைத்திரிக் அமிலம் கலந்த அற்ககோலில் பஞ்சைத் தொட்டு அதன்மேல் தடவினேன். அரை நிமிடத்துக்குள் பளபளப்பு மங்கி, ஓரத்தைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் எழுந்து வந்தது. தேங்காய்ச் சொட்டில் ஓட்டுப் பக்கம் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல் மாதிரி, ஒன்றரை மில்லிமீற்றர் அளவு தடிப்பு. நடுப்பகுதி வெளிறிய சாம்பல். அந்தக் கறுத்த வளையம்தான் வாட்டிய கடினத் தோல்.

பிறகு அதே கம்பியில் இன்னொரு துண்டை, உங்கள் பாஸ் செய்த மாதிரி, இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செம்மஞ்சள் நிறம் வரும்வரை சூடாக்கி, காற்றில் ஆறவிட்டு, அரிந்து, தேய்த்துத் தடவினேன். வளையம் இல்லை. முகம் முழுவதும் ஒரே சாம்பல். நாம் காசு கொடுத்து வாங்கிய பலம் அந்த ஐந்து நிமிடத் தீயில் போய்விட்டது. (வீட்டில் செய்ய நினைப்பவர்கள் கவனம். அற்ககோலுக்குள் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், மாறிச் செய்யக் கூடாது. இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. கலவையைப் போத்தலில் அடைத்து வைக்கவும் கூடாது. பிள்ளைகள் பெரியவர் இல்லாமல் தொடவே வேண்டாம்.)

பகல் வெளிச்சத்தில் கம்பி சிவப்பாகத் தெரிந்தால் 600 பாகை செல்சியசை எட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூடே தோலை இளக்கப் போதும். வனேடியக் கம்பி இந்த விஷயத்தில் தண்ணீர்க் கம்பியைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் அதையும் செம்மஞ்சள் வரை கொண்டுபோய் மெதுவாக ஆறவிட்டால் உள்ளே இருந்த ஒழுங்கு குலைந்துவிடும். அப்புறம் தண்ணீர் ஊற்றியது. அது இன்னும் மோசம். செந்தணலாக இருந்த இடம் ஒழுங்கில்லாமல் கடினமாகி, நொறுங்கும் குணம் வந்துவிடும். வளைவு இருக்கும் இடத்திலேயே அப்படி ஆவதைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

கம்பியைக் குளிரிலேயே வளையுங்கள். 16 மில்லிமீற்றர் வரை, கம்பியின் விட்டத்தைப்போல் 4 மடங்கு விட்டமுள்ள உருளையில் சுற்றி வளைக்க வேண்டும். 20 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் என்றால் 7 மடங்கு. நீண்ட குழாய் ஒன்றைப் பிடியாகப் போட்டால் இரண்டு பேருக்கு 16 ஒரு பெரிய வேலையே இல்லை. கழற்றிய கம்பிகளைத் தூணுக்கும் பீமுக்கும் திரும்பப் போடாதீர்கள், வேலிக்கு வைத்துக்கொள்ளலாம். பாஸிடம் கோபிக்காமல் இதை வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: ஐயா, உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கிறேன். நயோபியம் 0.03 வீதம் என்று வாசித்தேன். கறிக்குப் போடும் உப்புக்கூட அதைவிடக் கூட. இவ்வளவு சின்ன அளவு எப்படி முழு உருக்கையும் மாற்றும்? (ஒரு மாணவன், தம்பலகாமம்)

தம்பி, இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது உன்னுடையதுதான். ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் அளவைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒரு தொன் உருக்கில் 0.03 வீதம் என்றால் 300 கிராம். 12 மில்லிமீற்றர் கம்பி, 12 மீற்றர் நீளம், ஏறத்தாழ பத்தரைக் கிலோ. அதில் வனேடியம் 0.05 வீதம் என்றால் 5 கிராம். எடையில் ஒரு தேக்கரண்டி உப்பு. இந்த ஒரு தேக்கரண்டிதான் தலைப்பில் இருப்பது.

உருக்கு ஒரே திரளாகத் தெரிந்தாலும் உள்ளே அது மணிமணியாகத்தான் இருக்கிறது. கந்தளாய்ப் பக்கம் இருந்து புகையிரதத்தில் வரும்போது உங்கள் ஊர் வயல்வெளி எப்படித் தெரியும்? வயல் வயலாக, இடையில் வரம்புகள். மெருகேற்றி அமிலம் தடவிய உருக்கை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அதே காட்சி. ஒவ்வொரு வயலும் ஒரு படிகமணி. மணிக்குள் அணுக்கள் நாற்று நட்டதுபோல் வரிசையாக நிற்கும். அடுத்த மணியிலும் வரிசைதான், ஆனால் திசை வேறு. இரண்டும் முட்டும் இடம் வரம்பு.

உருக்கை இழுக்கும்போது அது எப்படி நீள்கிறது? மணிக்குள் அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. வழுக்கல் ஒரே மணிக்குள் தடையில்லாமல் ஓடும். வரம்புக்கு வந்ததும் நின்றுவிடும், ஏனென்றால் அந்தப் பக்கம் வரிசையின் திசை வேறு. ஆக, வயல்கள் சிறிதாக இருந்தால் வரம்புகள் கூடும், வழுக்கல் அடிக்கடி நிற்கும், உருக்கு பலமாகும். 1951இல் ஹோல், 1953இல் பெச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்காகவே காட்டினார்கள். பலம், மணி விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் கூடுகிறது. மணியின் விட்டம் 20 மைக்கிரோனில் இருந்து 5 மைக்கிரோனுக்கு இறங்கினால், அது ஒன்றினாலேயே சதுர மில்லிமீற்றருக்கு 120 நியூட்டன் அளவு பலம் கூடும். நம் தலைமயிரின் தடிப்பு 70 மைக்கிரோன் அளவு என்று வைத்துக்கொண்டால், 5 மைக்கிரோன் எவ்வளவு சின்னது என்று பார்.

இனிச் சொல்வதை இரண்டு தடவை வாசி. உருக்கைப் பலமாக்க வேறு வழிகளும் உண்டு. காபனைக் கூட்டலாம், கடினமாக்கலாம். ஆனால் அப்படிக் கூட்டும் பலத்தோடு நொறுங்கும் குணமும் சேர்ந்தே வரும், வெல்டிங்கும் ஒழுங்காகப் பிடிக்காது. பலத்தையும் கூட்டி, உடையாத தன்மையையும் கூட்டுவது மணியைச் சிறிதாக்குவது ஒன்றுதான். வெடிப்பும் வரம்பில் வந்து திசை மாற வேண்டியிருக்கிறதே. 1943 சனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில், கட்டி முடித்துக் கரையோரம் பிணைத்து நின்ற ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், அலையும் இல்லை புயலும் இல்லை, ஒரு குளிர் இரவில் நடுவால் பிளந்தது. வெல்டிங் குறையும் இருந்தது, தகடும் குளிரில் நொறுங்கும் தகடாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கப்பல் தகட்டின் உடையாத் தன்மையை உலகம் கவனமாக அளக்கத் தொடங்கியது.

சரி, சிட்டிகைக்கு வருவோம். மணியை எப்படிச் சிறிதாக்குவது?

நிலாவெளி உப்பளத்தில் தண்ணீரை அசையாமல் விட்டால் உப்புக்கல் பெரிதாக வளரும். செந்தணல் உருக்கிலும் மணிகள் அப்படித்தான். சூட்டில் சும்மா விட்டால் பெரியது சிறியதை விழுங்கி வளரும். ஆலையில் உருக்குப் பாளத்தை 1200 பாகைக்கு மேல் சூடாக்கும்போது, நயோபியம் முழுவதும் சீனி பாலில் கரைவதுபோல் உருக்குக்குள் கரைந்துவிடும். பிறகு பாளத்தை உருளைகளுக்கு இடையில் விட்டு நசுக்குகிறார்கள். ஒவ்வொரு நசுக்கலிலும் பழைய மணிகள் குலைந்து புதியவை பிறக்கும், பிறந்தவை வளரத் தொடங்கும். சூடு 1000 பாகைக்குக் கீழே இறங்கி வரும்போது, கரைந்திருந்த நயோபியம் காபனோடும் நைதரசனோடும் சேர்ந்து மிக நுண்ணிய துணிக்கைகளாக வெளியே வரும். சில நனோமீற்றர் பருமன், அதாவது ஒரு மைக்கிரோனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு. அவை வரம்புகளில் உட்கார்ந்துகொண்டு, வரம்பை நகரவிடாது, புதிய மணி பிறக்கவும் விடாது. அதற்குப் பிறகும் நசுக்கிக்கொண்டே போனால் மணிகள் ரொட்டிக்குத் தட்டிய மாவுபோல் தட்டையாகின்றன. இன்னும் குளிரும்போது உருக்கு தன் அணு அடுக்கையே மாற்றும், ஒஸ்டெனைட் என்ற நிலையில் இருந்து பெரைட் என்ற நிலைக்கு. பெரைட் மணி முளைப்பது பெரும்பாலும் வரம்பில். தட்டையான மணிக்கு வரம்பு அதிகம், முளைகள் அதிகம். நெருங்கி முளைத்ததால் ஒன்றும் பெரிதாக வளர இடமில்லை. 5 மைக்கிரோன் மணி இப்படித்தான் கிடைக்கிறது.

இவ்வளவு வேலைக்கு 300 கிராம் எப்படிப் போதும்? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 0.03 வீதம் நயோபியமும் காபனோடு சேர்ந்து 5 நனோமீற்றர் காபைட்டு உருண்டைகளாகப் பிரிந்தால், ஒரு கன மில்லிமீற்றர் உருக்குக்குள், அதாவது ஒரு கடுகை விடச் சிறிய துண்டுக்குள், ஏறத்தாழ 5 இலட்சம் கோடி உருண்டைகள் இருக்கும். கறி உப்பு சுவைக்காக எங்கும் கரைந்து பரவுகிறது. இது காவலுக்கு ஆள் நிறுத்துவது. ஆட்கள் சிறியவர்களாக இருக்க இருக்க, ஒரே எடையில் நிறையப் பேரை நிறுத்தலாம்.

வனேடியம் வேறு விதமாக வேலை செய்கிறது. அது சுலபமாகக் கரையும், ஆகவே உருட்டும்போது பெரும்பாலும் கரைந்தபடியே இருந்துவிட்டு, பெரைட் பிறக்கும் வேளையிலும் அதற்குப் பின்னும் வெளியே வரும். அப்போது அது வரம்பில் இல்லை, வயலின் நடுவிலேயே வரிசை வரிசையாக முளை அடித்ததுபோல் நிற்கும். வழுக்கல் வரம்புவரை போகும் முன்பே தடுக்கும். நைதரசன் கொஞ்சம் கூட இருந்தால் வனேடியத்துக்கு இன்னும் நல்லது. டைட்டேனியம் நேர் எதிர். அது நைதரசனோடு மிக முந்திச் சேர்ந்துவிடும், உலையின் 1200 பாகையிலும் கரையாது. ஆகவே மற்றவை கரைந்து கிடக்கும் நேரத்தில் மணி வளராமல் பிடித்து வைத்திருப்பது டைட்டேனியம்தான். அதற்கு 0.01, 0.02 வீதமே போதும். கூடிவிட்டால் பெரிய கட்டிகளாக, கூரான மூலைகளோடு சதுரச் சதுரமாக உறைந்து, அந்த மூலையிலேயே வெடிப்புத் தொடங்கும்.

அதனால் சிட்டிகை என்பது காசு மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. உலைச் சூட்டில் கரையக்கூடிய அளவுக்கு மேல் நயோபியம் போட்டால், கரையாத மிச்சம் தடித்த கட்டியாகக் கிடக்கும். ஒரு பயனும் இல்லை. இன்னொன்று, நயோபியம் போட்ட பாளத்தையே சூடு பார்க்காமல், அவசரமாக, உயர்ந்த வெப்பத்திலேயே உருட்டி முடித்துவிட்டால் அந்த 300 கிராமும் பாதி வீண். எந்தச் சூட்டில், எவ்வளவு நசுக்கி, எவ்வளவு வேகமாகக் குளிர வைக்கிறோம் என்பதுதான் சிட்டிகைக்கு உயிர். என் அப்பா மடத்தடியில் கொல்லுலை வைத்திருந்தார். நயோபியம் என்ற பெயரையே அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் கத்தி அடிக்கும்போது, "நிறம் போய்விட்டது, இனி அடியாதே" என்று கையைப் பிடிப்பார். இரும்புக்கு நேரம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: கொட்பே பக்கம் படகுத் திருத்த வேலை செய்கிறேன் ஐயா. 20 மில்லிமீற்றர் தகட்டில் ஏ.எச். 36 என்று அடித்திருந்தது. வழக்கமாகப் பாவிக்கும் 6013 குச்சியால் ஒட்டினேன். ஒட்டு அழகாக இருந்தது. மறுநாள் காலை பார்த்தால், ஒட்டுக்குப் பக்கத்தில் தகட்டில் மயிரிழைபோல் வெடிப்பு. தகடு பிழையா? (ஒரு வெல்டிங் தொழிலாளி, திருகோணமலை)

தகடு பெரும்பாலும் பிழையில்லை, தம்பி. மறுநாள் வந்த வெடிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே சொல்லிவிடுகிறது. அது ஐதரசன் வெடிப்பு. குச்சியின் பூச்சில் இருந்த ஈரம் தீயில் பிரிந்து, ஐதரசன் உருக்குக்குள் போய், மெதுவாக நகர்ந்து, ஒட்டுக்குப் பக்கத்துக் கடினமான இடத்தில் சேர்ந்து, இரவோடு இரவாகப் பிளந்திருக்கிறது. 36 என்பது சதுர மில்லிமீற்றருக்கு 36 கிலோ விசை, அதாவது 355 நியூட்டன். சாதாரண கப்பல் தகடு 235தான். இந்தத் தகட்டுக்கு 7018 போன்ற ஐதரசன் குறைந்த குச்சி வேண்டும். அதையும் பெட்டியை உடைத்துக் கடற்காற்றில் வைத்துவிட்டுப் பாவித்தால் பயனில்லை. 350 பாகையில் ஒரு மணித்தியாலம் வாட்டி, சூடாகவே வைத்து, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒட்டும் இடத்தில் பெயின்ற், துரு, ஈரம் ஒன்றும் இருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தகட்டின் பலமும் சிட்டிகையில் இருந்து வருவதுதான். கப்பல் விதிகளில் நயோபியம் 0.02 முதல் 0.05, வனேடியம் 0.05 முதல் 0.10, டைட்டேனியம் 0.02 வரை, மூன்றும் சேர்ந்து 0.12க்கு மேல் போகாமல் என்று வைத்திருக்கிறார்கள். காபன் குறைவு என்பதால் நன்றாக ஒட்டும். ஆனால் ஒட்டுக்கு ஒட்டிய விளிம்பில் சூடு 1300 பாகையைத் தாண்டும். அங்கே நயோபியத் துணிக்கைகள் கரைந்துவிடும், மணி வளரத் தொடங்கும். டைட்டேனியம் மட்டும் கொஞ்சம் பிடித்து நிற்கும். நீங்கள் கரண்டைக் கூட்டி, அகலமாக ஆட்டி ஆட்டி, ஒரே இடத்தில் சூட்டை ஏற்றினால் அதனாலும் பிடிக்க முடியாது. ஒடுக்கமான ஓட்டங்களாகப் போடுங்கள். ஓர் ஓட்டம் ஆறிய பிறகு அடுத்தது.

என் இருபத்திரண்டாவது வயதில், நான் வேலை பழகிய கராஜுக்கு ஒரு லொறி வந்தது. மரத்தில் மோதிச் சட்டம் வளைந்திருந்தது. காஸ் தீயால் செந்தணலாக்கி, ஜக் வைத்து நிமிர்த்தினேன். நூல் பிடித்துப் பார்த்தேன், நேராக இருந்தது. முதலாளியும் நல்ல வேலை என்றார். நாலு மாதத்தில், நெல் மூட்டைகளோடு கந்தளாய் வீதியில் போகும்போது, தீ பட்ட அதே சாண் நீளத்தில் சட்டம் மடிந்து லொறி பாதையிலேயே அமர்ந்துவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அந்தச் சாரதியின் முகம் இன்றும் எனக்கு ஞாபகம். சுற்றிவர இருந்த உருக்கு அப்படியே இருந்தது, நான் சூடாக்கிய இடம் மட்டும் இளகிய இரும்பாகிவிட்டிருந்தது. நேராகத் தெரிவது வேறு, பலமாக இருப்பது வேறு என்று அன்றைக்குத்தான் படித்தேன். இன்றைய லொறிச் சட்டங்கள் பல இந்த வகை உருக்குத்தான். தீ வைக்காதீர்கள். நிமிர்த்துவதானால் குளிரில் அமுக்கி நிமிர்த்துங்கள், முடியாவிட்டால் அந்தப் பகுதியை மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் புல்மோட்டைக் கறுப்பு மணலில் டைட்டேனியம் இருக்கிறதே, அதுதான் இந்த உருக்குக்குப் போகிறதா? (ஒரு வாசகர், புல்மோட்டை)

உங்கள் கரையில் மின்னும் அந்தக் கறுப்பு மணலில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். பாதிக்கு மேல் டைட்டேனியம் ஒட்சைட்டு. கூடவே ரூடைல், சேர்கோன் என்ற கனியங்களும் கிடைக்கின்றன. உலகத்தில் வெட்டும் இல்மனைட்டில் மிகப் பெரும்பகுதி வெள்ளை நிறப்பொடியாகிறது. சுவர்ப் பெயின்றின் வெள்ளையும் பற்பசையின் வெள்ளையும் அதுதான். உருக்குக்குப் போவது சிறு துளி. 100 தொன் உருக்குக்கு 0.015 வீதம் என்றால் 15 கிலோ டைட்டேனியம் போதுமே. அதையும் இரும்போடு சேர்த்து உருக்கிய கலப்புக் கட்டியாகத்தான் உலையில் போடுவார்கள். கறுப்பு மணலாக அள்ளிப் போட முடியாது.

நம் மாவட்டத்து மணலைக் கப்பலில் ஏற்றிவிட்டு, அதில் இருந்து வந்த வெள்ளைப் பொடியையும் உலோகத்தையும் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். தம்பலகாமத்துத் தம்பியைப் போன்றவர்கள் படித்து வரட்டும். நயோபியம் மட்டும் நம்மிடம் தேட வேண்டாம். உலகத்தின் நயோபியத்தில் பத்தில் ஒன்பது பங்கு பிரேசிலில் இருந்து வருகிறது.

கேள்வி: அப்பாவின் ஸ்பனரில் குரோம் வனேடியம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. இதுவும் அந்த வனேடியமா? (9ஆம் வகுப்பு மாணவி, மூதூர்)

அதே வனேடியம்தான் மகள், ஆனால் ஸ்பனரில் அது கொஞ்சம் கூட, 0.15 வீதம் அளவு. கம்பிபோலக் காற்றில் ஆறவிடுவதில்லை. ஸ்பனரைச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, பிறகு வாட்டுவார்கள். அந்தச் சூட்டில் மணி பெரிதாகாமல் காப்பது வனேடியத்தின் வேலை. 1801இல் மெக்சிக்கோவில் ஒருவர் கண்டுபிடித்து, அது புதியதல்ல என்று மற்றவர்கள் சொன்னதால் கைவிட்டார். 1830இல் சுவீடனில் செப்ஸ்ட்ரோம் திரும்பக் கண்டுபிடித்து, அந்த நாட்டு அழகுத் தேவதை வனாடிசின் பெயரை வைத்தார். 1908இல் வந்த போர்ட் மொடல் டீ காரின் அச்சு, பற்சக்கரம் எல்லாம் வனேடிய உருக்கு. அப்பாவின் ஸ்பனரை நெருப்பில் போட்டுவிடாதே, என்ன.

கேள்வி: இந்த வகைக் கம்பி போட்டால் கடற்கரை வீட்டில் துருப்பிடிக்காதா? (ஒரு வாசகி, நிலாவெளி)

துருப்பிடிக்கும். நயோபியத்துக்கும் துருவுக்கும் சம்பந்தமில்லை. துருவைத் தடுப்பது கம்பியைச் சுற்றியுள்ள கொங்கிறீற்றின் தடிப்பும், அது இறுக்கமாக இருப்பதும், கடல் மணலை உப்புப் போகக் கழுவிய பிறகே கலப்பதும்தான். அந்த வேலையை வனேடியத்திடம் விட முடியாது.

கேள்வி: கடையில் நிற்கும்போது, இது தண்ணீர்க் கம்பியா வனேடியக் கம்பியா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? (ஒரு வாசகர், உவர்மலை)

வெளியே பார்த்து முடியாது. இரண்டுக்கும் ஒரே வரி, ஒரே நிறம், காந்தமும் இரண்டிலும் ஒட்டும். கடைக்காரரிடம் ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். ஹாட்வெயார்காரர் பலர் கேட்டால் தருவார்கள், கேட்கத்தான் ஆள் குறைவு. அதில் காபன், மங்கனீசு என்று வரும் வரிசையில் கடைசிப் பக்கமாக வனேடியம், நயோபியம், டைட்டேனியத்துக்கு எண் இருக்கும். 0.03, 0.05 என்று ஒன்று தெரிந்தால் அது நுண்கலப்பு உருக்கு. அந்த இடம் 0.00 என்றோ வெறுமையாகவோ இருந்து, பலம் மட்டும் 500க்கு மேல் போட்டிருந்தால் பெரும்பாலும் தண்ணீரில் வந்த பலம். வீட்டுக்கு இரண்டும் நல்லதுதான். கம்பிமேல் ஒட்டு வேலை நிறைய வரப்போகிறதென்றால் நான் நுண்கலப்பு வகையைத்தான் கேட்பேன்.

ஒவ்வொரு கட்டிலும் ஒரு சிறிய தகர அட்டையோ பிளாஸ்டிக் அட்டையோ தொங்கும். அதில் உலை வார்ப்பு இலக்கம் இருக்கும். சான்றிதழில் உள்ள இலக்கமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கடதாசி வேறு கம்பியினுடையது. கட்டை அவிழ்த்ததும் வேலையாட்கள் முதலில் எறிவது அந்த அட்டையைத்தான். லொறி வந்து இறக்கும்போதே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.